பதினான்காவது கட்டுரையின் மூக்கு

போன மாதம் கிள்ளானில் ஒரு மதிய விருந்துக்குப் போயிருந்தேன். பங்சார் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் உட்காரும் தினேஷின் அம்மாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். மண்டபத்தில் ஏர்கோன் பாதிதான் வேலை செய்தது. மீதியை ஆட்டிறைச்சிப் பிரட்டலின் ஆவி பார்த்துக்கொண்டது. இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டு, யாரும் கவனிக்கவில்லை என்ற நிம்மதியோடு நான் உட்கார்ந்த நேரத்தில் தினேஷ் மைக்கைப் பிடித்தான்.

அவன் பேச்சாளன் அல்லன். அலுவலகக் கூட்டத்தில் ஒரு வரி பேசச் சொன்னாலும் தண்ணீர்ப் போத்தலைத் தேடுகிறவன். "அங்கிள் ஆன்டி எல்லாரும் வந்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ் லா," என்று ஆரம்பித்தான். "எங்கம்மா சுங்கை வே எலெக்ட்ரானிக் ஃபேக்டரில ஷிஃப்ட் வேலை. நான் ஸ்கூலுக்குப் போறப்ப அவங்க தூங்குவாங்க. அவங்க வேலைக்குப் போறப்ப நான் தூங்குவேன். எங்களுக்குச் சண்டை போடக்கூட டைம் கிடைச்சதில்ல." எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவன் கண்ணை மூடிக்கொண்டான். குரல் மாறியது. அதுவரை லாவும் லேயுமாக இருந்த வாயிலிருந்து, சலவை செய்து மடித்த தமிழ் வந்தது.

"என் அம்மாவின் கைகளில் மல்லிகையின் மணம் எப்போதும் தங்கியிருக்கும். அவர் என் நெற்றியைத் தொடும்போது ஒரு பூந்தோட்டமே என்மீது மெல்லச் சாய்வதுபோல் இருக்கும்."

மேடையில் அவன் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். எனக்கு எதிரே இருந்த பெரியவர் மெல்லுவதை நிறுத்தினார். நானோ கையில் உருட்டிய சோற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் இலையின் ஓரத்திலேயே வைத்துவிட்டேன்.

அது என் வாக்கியம்.

பெருமையில் சொல்லவில்லை. பெருமைப்படத் தக்க வாக்கியமும் இல்லை அது. பூந்தோட்டம் எப்படிச் சாயும்? மரம் சாயும், சுவர் சாயும். ஆனால் எழுதியவன் நான்தான். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான கட்டுரைப் பயிற்சிநூலில், பதினான்காவது மாதிரிக் கட்டுரையாக. தலைப்பு: 'நான் மிகவும் நேசிக்கும் ஒருவர்'. அட்டையில் என் பெயர் இருக்காது. 'அனுபவமிக்க ஆசிரியர் குழு' என்று இருக்கும். குழுவில் இரண்டே பேர். ஒருவர் பதிப்பாளர். இன்னொருவன் நான். அனுபவம் இரண்டு பேருக்கும் அவ்வளவாக இல்லை.

அந்த அறையை எப்படிச் சொல்வது? கீழே ஒரு முடிதிருத்தும் கடை. மாடிப்படி முழுவதும் பவுடரும் ஈர முடியும் கலந்த காற்று. மேலே வந்தால் காகிதக் கட்டுகளின் வெதுவெதுப்பு, ஸ்டென்சில் மையின் காரம், பருப்பு வடை சுற்றி வந்த செய்தித்தாளின் எண்ணெய். பாருங்கள், பழக்கதோஷம். ஓர் அறையைச் சொல்ல வந்தால் உடனே மூக்கு, தோல், நாக்கு என்று வரிசையில் வந்து நிற்கின்றன. அந்தப் பதிப்பாளர் பழக்கிய பழக்கம்.

அவரை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல உயரம், சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பேனா. அவரிடம் ஒரு முறை இருந்தது. நான் எழுதிக் கொடுக்கும் கட்டுரையைப் படித்துக்கொண்டே இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார். கண், காது, மூக்கு, நாக்கு, தோல். ஐந்தும் மடங்கினால் அச்சுக்குப் போகும். ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தால் தாள் திரும்பி வரும்.

"கண்ணு இருக்கு, காது இருக்கு. மூக்கு எங்கப்பா? இந்தக் கட்டுரை மூக்கறுந்து நிக்குது."

"கடற்கரைக் கட்டுரை பாஸ். உப்புக் காத்துன்னு எழுதியிருக்கேனே."

"உப்பு நாக்கு. அத மூக்குல சேக்காத."

இரண்டாவது விதி சுவரில் ஒட்டியிருந்தது. எழுதக்கூடாத சொற்களின் பட்டியல். தேர்வில் மலாய், ஆங்கிலச் சொல் எழுதினால் பிள்ளைக்குப் புள்ளி போய்விடும் என்பது அவருடைய பயம். லோரி கூடாது, சரக்குந்து. பாசார் மாலாம் கூடாது, இரவுச் சந்தை. கம்பம் கூடாது, சிற்றூர். டுரியான் கூடாது, முள்நாறிப் பழம். முள்நாறியை வைத்து நான் ஒரு முழுக் கட்டுரை எழுதினேன். அதை வீட்டில் சத்தமாகப் படித்துப் பார்த்தபோது, பக்கத்தில் டுரியான் சுளையைச் சப்பிக்கொண்டிருந்த அம்மா, "அது என்னடா பழம், நம்ம ஊர்ல கெடைக்குமா?" என்று கேட்டார்.

நான் சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி. சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று தெரிகிறது. நேராகப் போகத் துணிச்சல் இல்லை.

அம்மா மேரு சாலையில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். நீண்ட சங்கிலியில் பீங்கான் கைகள் தொங்கிக்கொண்டு வரும். நூற்றுக்கணக்கான வெள்ளைக் கைகள், விரல்களைக் கீழே நீட்டியபடி. ரப்பர் பாலில் முங்கி, சூட்டில் காய்ந்து, வரிசையாக நிற்கும் பெண்களைக் கடக்கும். ஒட்டாமலிருக்க மாவு பூசிய அந்தக் கைகளின் ரப்பர்த் தோலைப் பெண்கள் உரிப்பார்கள். சரக், சரக். ஒரு நாளைக்கு எத்தனை கைகளின் தோலை அம்மா உரித்தாரோ. வீட்டுக்கு வந்து என் நெற்றியில் கை வைப்பார். அவருக்குத் தீராத ஒற்றைத் தலைவலி. அதற்காக மின்யாக் ஆங்கின் தடவிய விரல்கள். அந்தப் பச்சைத் தைலம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். முதலில் நெற்றி குளிரும், பிறகு எரியும்.

பதினான்காவது கட்டுரையை இதை வைத்துத்தான் எழுதினேன். முதல் முறையாக எங்கிருந்தும் எடுக்காமல், இருந்ததை அப்படியே. "என் அம்மாவின் கைகளில் மின்யாக் ஆங்கினும் கையுறை மாவும்" என்று தொடங்கும் அந்த வாக்கியத்தில் மூன்றாவதாக ஒரு பொருளும் இருந்தது. மூன்றும் கலந்த வாடை எப்போதும் தங்கியிருக்கும் என்று முடியும். பாஸ் படித்தார். ஐந்து விரலும் மடங்கின. நான் எழுந்துகொள்ளப் போனேன்.

"உக்காரு. எல்லாம் இருக்கு. ஆனா அம்மாவுக்கு வாடை போடாத. வாடை மீனுக்கு. அம்மாவுக்கு மணம்."

"சரி பாஸ்."

"மின்யாக் ஆங்கின் வராது."

"மலாய்ல இருக்கிறத அப்படியே காற்றெண்ணெய்னு போடலாமா?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார். "காத்துல எண்ணெய் எடுக்குற ஊரு எதுப்பா? பிள்ளைங்க சிரிக்கும். மல்லிகைன்னு போடு. எல்லா அம்மாவுக்கும் பொருந்தும். காப்பார்ல இருக்கிற பிள்ளையும் எழுதலாம், காஜாங்ல இருக்கிற பிள்ளையும் எழுதலாம்."

சிவப்புப் பேனா என் மூன்று பொருள்களின்மேல் ஒரே கோடாகப் போனது. மேலே 'மல்லிகை' என்று அவரே எழுதினார், சுழித்த 'லி'யோடு. குளிர்வதும் எரிவதும் இனிமேல் பொருந்தாது என்பதால் பூந்தோட்டத்தைச் சாய்த்தவன் நான். எதிர்ப்பு ஏதும் சொன்னேனா? நினைவில்லை. வடை ஆறிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அன்றைக்கு இன்னும் நான்கு கட்டுரைகள் பாக்கி இருந்தன.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். அம்மா இறந்து பதினொரு வருடம் ஆகிறது. கண்ணை மூடி அம்மாவை நினைத்தால், நெற்றியில் கை வருகிறது, கையோடு மல்லிகை வருகிறது. சந்தேகமே இல்லாத, சுத்தமான, கெட்டியான மல்லிகை. மேரு சாலையில் பீங்கான் கைகளை உரித்தவளின் கையில் எப்படி மல்லிகை இருக்க முடியும் என்று அறிவு கேட்கிறது. மூக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. அந்த மூன்றாவது பொருள் என்ன என்று எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். சிவப்புக் கோடு மட்டும்தான் தெரிகிறது. கோட்டுக்கு அடியில் என்ன எழுதியிருந்தேன் என்று தெரியவில்லை. கவிதை என்று எதையோ இத்தனை வருடமாக எழுதிக்கொண்டிருப்பவன் நான். அடுத்தவன் வரியில் வாசம் இல்லை என்று விமர்சனம்கூட எழுதியிருக்கிறேன். சொந்த அம்மாவின் வாடை எனக்குத் தெரியாது.

மண்டபத்துக்கு வருவோம். கை கழுவும் இடத்தில் தினேஷைப் பிடித்தேன்.

"நல்லாப் பேசுன. அந்த மல்லிகை வரி எங்க படிச்ச?"

"படிச்சதா? என்னண்ணே நீங்க. நான் எழுதுனது. ஆறாம் ஆண்டுல. டீச்சர் பேரன்ட்ஸ் டேக்கு போர்டுல ஒட்டுனாங்க." அவன் முகத்தில் துளிக்கூடப் பொய் இல்லை. "எனக்குத் தமிழ்ல ஞாபகம் இருக்கிறது அது ஒண்ணுதான் லா."

"உங்கம்மா எப்பவும் மல்லிகைதானா?"

"எப்பவும். ஷிஃப்ட் முடிஞ்சு வருவாங்கல்ல, கதவு தொறக்கிறதுக்கு முன்னயே வாசம் வந்துரும். அது வேற மாதிரிண்ணே. சொல்ல வராது. அதான் எழுதுனேன்."

நான் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய கையை மறுபடியும் கழுவினேன். ஒரு வேளை அவன் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததே இல்லையோ? ஒரே வாக்கியம் இரண்டு பேருக்கு வரக் கூடாதா? பூந்தோட்டம் சாய்வது உட்பட? கை காய்வதற்குள் இரண்டு பக்கமும் வாதாடி இரண்டிலும் தோற்றேன்.

புறப்படும்போது வாசலில் அவன் அம்மா நின்று, வந்தவர்களுக்குச் சிறு பெட்டிகளில் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார். லெட்சுமி என்று பெயர். கொண்டையைச் சுற்றி மூன்று சுற்று மல்லிகை. வாழ்த்துச் சொல்லிவிட்டு, கேட்காமல் போக முடியாமல் கேட்டேன். "அக்கா, ஃபேக்டரில வேலை செஞ்சப்பயும் பூ வைப்பீங்களா?"

அவர் தினேஷ் எங்கே நிற்கிறான் என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். "பூவா? கிளீன் ரூம் தம்பி. தலையில தொப்பி, வாயில மாஸ்க்கு. பவுடர் போட்டாலே சூப்பர்வைசர் வெளிய அனுப்பிருவாரு. இவன் ஆறாம் ஆண்டு படிக்கிற வரைக்கும் நான் பூ வச்சதில்ல. நல்ல நாளு, கல்யாணம், அவ்வளவுதான்."

"பிறகு?"

"இவன் போர்டுல எழுதி வச்சிட்டான். டீச்சர் எல்லாருக்கும் முன்னாடி படிச்சுக் காட்டுறாங்க. எங்கம்மா கையில மல்லிகை வாசம்னு. அங்க இருந்த அம்மாங்க எல்லாம் என்னையே பாக்குறாங்க. நான் கைய முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டேன். சால்டரிங் நாத்தம் வருமோன்னு."

வரிசையில் வந்த ஒரு பிள்ளைக்கு இனிப்பைக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தித் தொடர்ந்தார். "பிள்ள பொய் எழுதுனான்னு ஆயிறக் கூடாதுல்ல. அடுத்த வாரத்துலேர்ந்து ஒரு முழம் வாங்கி லஞ்ச் பாக்ஸ்ல வச்சுக்குவேன். வேலை முடிஞ்சு ஃபேக்டரி பஸ்ல ஏறுனதும் தலையில வைப்பேன். ரெண்டு பூவ உருவி உள்ளங்கையில போட்டுத் தேய்ப்பேன். அவன் கையின்னுதானே எழுதியிருந்தான். பக்கத்துல உக்காந்திருக்கிற இந்தோனேசியாக்காரப் பிள்ள கேக்கும், அக்கா என்ன சாமி கும்புடுறீங்களான்னு." சிரித்தார். பிறகு, "அவன்கிட்டச் சொல்லிறாதீங்க தம்பி," என்றார்.

சொல்லவில்லை. அச்சடித்த தமிழைத் தினேஷ் தொடமாட்டான் என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். பெயர்களையும் மாற்றிவிட்டேன். ஆனால் அந்த வாசலில், 'அக்கா, அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்' என்று சொல்லியிருக்க வேண்டுமா? அவனுடையது பொய் இல்லை, என்னுடையதுதான் பொய் என்று சொன்னால் அவருக்கு ஆறுதலா, அடியா? நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? நான் இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

காரில் ஏறியவன் வீட்டுக்குப் போகவில்லை. என் அக்கா வீடு கிள்ளானிலேயே, மண்டபத்திலிருந்து நான்கு சிக்னல் தள்ளி. போனபோது அவள் சமையலறை மேசையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு முடிச்சுட்டுத்தான் அக்கா வீடு ஞாபகம் வருமா?"

"அக்கா, அம்மா மேல என்ன வாசம் வரும்?"

கத்தி நின்றது. "என்னடா திடீர்னு."

"மல்லிகையா?"

"மல்லிகையா, அம்மாவா? கிட்டக் கொண்டுபோனாலே மூணு தும்மல். கணக்கா மூணு. கோயில்ல குடுக்கிற பூவை என் தலையில வச்சுவிட்டுட்டுத் தள்ளி நடப்பாங்க. அதுகூட மறந்துட்டியா நீ?"

மறந்திருந்தேன். முழுதாக, தடயமில்லாமல்.

"அப்ப என்ன வாசம்?"

"மின்யாக் ஆங்கின்," என்றாள் உடனே. "கிளவ்ஸ் மாவு. அப்புறம்..." நிறுத்தினாள். மேற்கூரையைப் பார்த்தாள். "இன்னொண்ணு இருந்துச்சு."

என் முதுகு நிமிர்ந்தது. "என்ன?"

"இருடா. மூக்கு வரைக்கும் வருது."

"ரப்பர் பாலா?"

"அது துணியில. கையில வேற."

பிறகு நாங்கள் செய்ததை வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அக்கா சாமி அலமாரியிலிருந்து மின்யாக் ஆங்கின் புட்டியை எடுத்து வந்தாள். கையுறைக்குப் போடும் மாவு சோள மாவுதான் என்று அம்மா சொன்னது நினைவு வந்து, பலகாரத்துக்கு வைத்திருந்த சோள மாவு டப்பாவையும் எடுத்தாள். என் உள்ளங்கையில் இரண்டு துளி, ஒரு சிட்டிகை. தன் உள்ளங்கையில் இரண்டு துளி, ஒரு சிட்டிகை. தேய்த்தோம். நரைத்த தலை இரண்டு, பயற்றங்காய்க் குவியலுக்கு இருபுறமும் உட்கார்ந்து, அவரவர் கையை முகர்ந்து, பிறகு கையை மாற்றிக்கொண்டு முகர்ந்தோம்.

"வருதா?"

"கிட்ட வருது. ஏதோ குறையுது."

"உனக்கு?"

எனக்கு என்ன வந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. மின்யாக் ஆங்கினுக்கும் மாவுக்கும் மேலே, தடுக்கவே முடியாமல், மல்லிகை வந்தது.

அக்கா மூன்றாவதைக் கண்டுபிடிக்க இன்னும் கொஞ்ச நேரம் முயன்றாள். வெங்காயம், சலவைச் சோப்பு, பஸ்ஸின் இரும்புக் கம்பி. ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லித் தலையை ஆட்டினாள். பிறகு அலுத்துப்போய், "நீதானே கட்டுரை எழுதுனவன், நீ சொல்லு," என்றாள்.

"எழுதுனேன். பாஸ் அடிச்சுட்டாரு. மல்லிகைன்னு போட்டுட்டோம்."

"தெரியுமே. நான்தானே அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன்."

எனக்குத் தெரியாது. புத்தகம் வந்த அன்று ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டு நான் பதிப்பக அறைக்குப் போய்விட்டேன். நான் எழுதியதை அம்மா பார்த்தாரா என்று பிறகு கேட்டதும் இல்லை. அம்மாவுக்குப் படிக்க வராது. கேட்டால் அவருக்குச் சங்கடம் என்று நினைத்துக்கொண்டேன். அல்லது எனக்கு.

"தம்பி உங்களப் பத்தி எழுதியிருக்கான்மான்னு கூப்பிட்டு உக்கார வச்சுப் படிச்சேன்," என்றாள் அக்கா. "முழுசாக் கேட்டாங்க. மல்லிகை, பூந்தோட்டம், எல்லாம். முடிஞ்சதும், 'நல்லா எழுதியிருக்கான். இது யாரோட அம்மா?'ன்னாங்க. நான் சிரிச்சுட்டேன்."

"அம்மா?"

"சிரிக்கல."

அக்கா பயற்றங்காய்க்குத் திரும்பினாள். நான் கையைக் கழுவாமலே புறப்பட்டேன். வழியெல்லாம் ஸ்டீயரிங்கில் மாவு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு பெண் தன் மகன் எழுதியதைக் கேட்டுவிட்டுப் பூ வாங்கப் போனாள். இன்னொரு பெண் தன் மகன் எழுதியதைக் கேட்டுவிட்டு, இது யாருடைய அம்மா என்று கேட்டாள். இரண்டும் ஒரே வாக்கியம். இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்காதீர்கள். மூன்று வாரமாகப் புரட்டிப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா நிஜமாகவே வேறு யாரோ என்று நினைத்துக் கேட்டாரா, புரிந்துகொண்டுதான் கேட்டாரா என்பதுகூடத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். அந்தக் கையெழுத்துத் தாள் எங்காவது இருக்கும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சிவப்புக் கோட்டுக்கு அடியில் மூன்றாவது சொல் தெரியும் அல்லவா. மோனோரெயில் பாலத்துக்கு அடியில் நடந்து, பாட்டுக் கடைகளின் ஒலிபெருக்கிகளைத் தாண்டி, அந்தச் சந்துக்குள் திரும்பினேன். முடிதிருத்தும் கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். மாடிப்படி இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு. மேலே பட்ஜெட் ஹோட்டல். முகப்பு மேசையில் இருந்த இளைஞனிடம், இங்கே முன்பு ஒரு பதிப்பகம் இருந்ததே என்றேன்.

"ரூம் வேணுமா பாஸ்?" என்றான். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். அவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது.

பாஸ் இறந்து நெடுநாள் ஆயிற்று. சுவரில் ஒட்டிய பட்டியல் எந்தக் குப்பைத்தொட்டிக்குப் போனதோ. ஆறாம் ஆண்டுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பயிற்சிநூலைப் பழைய புத்தகக் கடைக்காரரும் எடைக்குக்கூட வாங்குவதில்லை. கையுறைகளில் இப்போது பெரும்பாலும் மாவு போடுவதில்லையாம். பீங்கான் கைகளின் தோலை இயந்திரமே உரிக்கிறதாம். அம்மாவின் புடவைகளை அக்கா எப்போதோ கொடுத்துவிட்டாள்.

திரும்பும் வழியில் பூக்கடைகளின் வரிசை. ஒரு பெண் வாழைநாரை இழுத்துச் சடசடவென்று கட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றுவிட்டதைப் பார்த்துத் தலையை நிமிர்த்தாமலே, "எத்தன முழம்ணே? யாருக்கு, சாமிக்கா வீட்டுக்கா?" என்றார்.

ஒரு விரலை மட்டும் காட்டினேன். வாழையிலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். ஓரமாக நின்று இரண்டு பூவை உருவினேன். இதற்கு முன்னால் நான் மல்லிகையைக் கையில் வாங்கியிருக்கிறேனா? எழுதியிருக்கிறேன், எத்தனையோ முறை. கையில் வாங்கியதாக நினைவில்லை. லெட்சுமி அக்கா சொன்னதுபோல் உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தேன். முகத்தருகே கொண்டுபோனேன்.

தும்மல் வந்தது. கையை எடுப்பதற்குள் இரண்டாவது. பூக்காரப் பெண் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "மேல போடாதீங்கண்ணே, பூவு," என்றார்.

புகைமூட்டத்தால் வந்த தும்மலாகவும் இருக்கலாம். அன்று காலையிலிருந்தே வானம் சாம்பலாகத்தான் இருந்தது. கண்ணில் நீரோடு, வாயை அரைகுறையாகத் திறந்துகொண்டு, தெருவோரத்தில் மூன்றாவதற்காக நின்றுகொண்டிருந்தேன்.